சம்பல் பள்ளத்தாக்கில் ஒரு துறவி: ஆசார்ய வினோபா பாவே

குற்றம் புரிந்தவரை ஒறுப்பதா, திருத்துவதா என்னும் வினா மிகப் பழையது. திருக்குறளின் பொருட்பாலில் அமைந்த செங்கோன்மை அதிகாரம், கொடியோரை ஒறுத்துக் குடிகளைக் காப்பதை அரசனின் கடமையாக வைக்கிறது. துறவறவியலில் அமைந்த இன்னா செய்யாமை அதிகாரமோ, தீங்கு செய்தார்க்கும் நன்மை செய்யும் உள்ளத்தை வேண்டுகிறது. முன்னது ஆள்வோர்க்குரிய அறம். பின்னது துறந்தோர்க்குரிய அறம். இவ்விரண்டு அறங்களும் ஒரே மனிதர்முன் ஒரே நேரத்தில் வந்து நின்றால் அவர் எதனைக் கைக்கொள்வார்? அந்நிலையை நேரில் எதிர்கொண்டவர் ஆசார்ய வினோபா பாவே. அவர்தம் வாழ்க்கையை இங்குச் சுருங்கக் காண்போம்.

விநாயக நரஹரி பாவே என்பது அவரது இயற்பெயர். 1895 செப்டம்பர் 11ஆம் நாள் மராட்டிய மண்ணில், அந்நாளையக் கொலாபா மாவட்டத்தைச் சேர்ந்த காகோதே என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்னையார் ருக்மிணி தேவி பக்தியிற் சிறந்தவர். அவ்வன்னையின் வளர்ப்பில் வினோபாவும் அவர்தம் தம்பியர் பாலகோபா, சிவாஜி ஆகியோரும் இல்லறம் நாடாது வாழ்நாள் முழுதும் பிரமசரியம் காத்தனர். கணிதத்திலும் வடமொழியிலும் வினோபாவுக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. பட்டம் பெற்றுப் பதவி தேடும் வழி அவர் மனத்துக்கு உவப்பாகவில்லை. 1916இல் தம் கல்விச் சான்றிதழ்களைத் தீயிலிட்டுவிட்டு, தேர்வு எழுதப் பம்பாய்க்குப் புறப்பட்டவர் இடைவழியில் இறங்கிக் காசிக்குச் சென்றார். அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப் ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்று தொடங்கிய பிணைப்பு இறுதிவரை அறுபடவில்லை. 1921இல் வார்தா ஆசிரமத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சிறை என்பதை நூல்களால் அறிந்தவரல்லர் வினோபா. 1923இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்தில் முதன்முறையாகச் சிறை புகுந்தார். 1932இல் தூலே சிறையில் இருந்தபோது, உடன் இருந்த கைதிகளுக்கு ஞாயிறுதோறும் பகவத் கீதையைப் பற்றி மராத்தியில் உரையாற்றினார். பதினெட்டு அத்தியாயங்களுக்குப் பதினெட்டு உரைகள். உடனிருந்த சானே குருஜி அவற்றை எழுதி வைத்ததால் அவை நூலாகி, பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவின. 1940இல் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியபோது, முதல் சத்தியாக்கிரகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வினோபாவே.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் கைதான அவர், நம் வேலூர்ச் சிறைக்கும் கொண்டுவரப்பட்டார். சமணச் சிற்றூர்கள் பல விளங்கும் பழைய வடார்க்காட்டு மண்ணில் இருந்த அச்சிறையில்தான் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளையும் பயின்றார். அடைத்து வைக்கும் இடமும் ஒருவர் அகம் வளரும் இடமாகக் கூடும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். பிற்காலத்தில் கொலைஞர்களின் எதிர்காலத்தைப் பற்றி எண்ண நேர்ந்தபோது இவ்வனுபவம் அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் தெலங்கானாவில் நிலவுடைமையாளருக்கும் உழவர்க்கும் இடையே குருதி சிந்தும் போராட்டம் மூண்டது. 1951 ஏப்ரலில் வினோபா அப்பகுதிக்குக் கால்நடையாகச் செல்ல முற்பட்டார். அதற்கு முன் ஐதராபாத்துச் சிறைக்குச் சென்று, அங்கு அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்டுகளைச் சந்தித்து அவர்கள் கருத்தைக் கேட்டறிந்தார். ஆயுதம் ஏந்தியவர்களைக் கண்டிக்கும் முன் அவர்கள் ஏன் ஏந்தினர் என்று அறிய விழைந்தமை கருதத்தக்கது. ஏப்ரல் 18ஆம் நாள் போச்சம்பள்ளி என்னும் ஊரில், நிலமற்ற அரிசனக் குடும்பங்கள் தமக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்றனர். கூட்டத்திலிருந்த இராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் அங்குப் பிறந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வினோபா இந்திய நாடெங்கும் நடந்தார். தமிழகத்திலும் ஊர் ஊராக நடந்தார். 1956இல் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற சர்வோதய மாநாட்டிலும் பங்கேற்றார்.

அந்நடைப்பயணத்தின் ஒரு கட்டத்தில்தான் சம்பல் பள்ளத்தாக்கு அவரை அழைத்தது.

உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான் ஆகிய மூன்று மாநில எல்லைகள் நெருங்கும் இடத்தில் சம்பல் ஆறு பாய்கிறது. மழைநீரால் அரிக்கப்பட்டு, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மண் பள்ளங்கள் அங்கு மைல் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. ஒளிந்துகொள்ள வசதியான அந்நிலத்தில் கொள்ளைக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. நிலத் தகராறு, குலப்பகை, பழிவாங்கல், காவல் துறையினரின் ஒருதலைச் சார்பு ஆகியவற்றால் ஊரைவிட்டு ஓடியவர் பலர் அக்கூட்டங்களில் சேர்ந்தனர். அப்பகுதி மக்கள் அவர்களைக் கொள்ளையர் என்னாமல் கலகக்காரர் எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். ஆயினும் அவர்கள் செய்தவை கொலையும் கொள்ளையும் ஆட்கடத்தலுமே. அவர்களுள் பெயர் பெற்ற மான்சிங் 1955இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் ரூபா தலைமை ஏற்று, அவரும் 1959இல் கொல்லப்பட்டார். ஆயினும் கூட்டம் அழியவில்லை. ரூபாவின் இடத்துக்கு லுக்கா எனப்பட்ட லோக்மன் தீட்சித் வந்தார். ஒருவர் வீழ்ந்தால் மற்றொருவர் எழுந்தார்.

மான்சிங்கின் மகன் தஹசில்தார் சிங் மரண தண்டனை பெற்று நைனிச் சிறையில் இருந்தார். தூக்கிலேறுமுன் வினோபாவைக் காண விரும்புவதாக அவர் மடல் எழுதினார். வினோபா அப்போது காசுமீரத்தில் நடந்துகொண்டிருந்தார். நேரில் செல்ல இயலாமையால், சம்பல் பகுதியைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் யதுநாத் சிங்கைத் தம் சார்பில் அனுப்பினார். அந்தப் படைத்தலைவர் பின்னர் மண் பள்ளங்களுக்குள்ளும் சென்று, துறவியின் செய்தியைத் துப்பாக்கி ஏந்தியோரிடம் சேர்த்தார்.

1960 மே மாதத்தில் வினோபா ஆக்ராவிலிருந்து பிண்டு, மொரீனா மாவட்டங்களுக்குள் நடந்து சென்றார். மாலைதோறும் வழிபாட்டுக் கூட்டம் நடந்தது. கொள்ளையர்க்கு அவர் அளித்த வாக்குறுதி மிகச் சிறியது. வழக்கு நடக்கும், நீதிமன்றம் தரும் தண்டனையை ஏற்க வேண்டும், ஆனால் சரணடைந்தவர்க்குக் கொடுமை நேராமலும், அவர்தம் குடும்பம் ஆதரவின்றிப் போகாமலும் பார்த்துக்கொள்ள முயல்வதாக உறுதி கூறினார். விடுதலை தருவதாகவோ, வழக்கை நீக்குவதாகவோ அவர் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரமும் அவரிடம் இல்லை. அவ்வளவை நம்பி லுக்கா தம் கூட்டத்தாருடன் வந்து துப்பாக்கிகளை அவர்முன் வைத்தார். அம்மாதத்தில் இருபதுபேர் ஆயுதம் துறந்து, பின் காவலில் ஒப்படைக்கப்பட்டனர். தஹசில்தார் சிங்கின் மரண தண்டனையும் பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

நாடு முழுவதும் இதனைப் போற்றியது எனக் கூறுவது உண்மையாகாது. மத்தியப் பிரதேசக் காவல் துறைத் தலைவராக இருந்த ரஸ்தம்ஜி வெளிப்படையாக மறுப்புரைத்தார். கொலைஞர்களுக்கு வீரர் என்னும் பெயர் கிடைக்கிறது, உயிரைப் பணயம் வைத்துப் போராடும் காவலரின் ஊக்கம் குலைகிறது என்பது அவர் வாதம். பின்னாளில் எல்லைப் பாதுகாப்புப் படையை உருவாக்கி முதல் தலைவராக விளங்கிய அவர் நேர்மையானவர். அவர் சொல்லை எளிதில் ஒதுக்க இயலாது. கொள்ளையர் கையில் கணவனை இழந்த பெண்ணின் கண்ணோட்டத்தில் நின்று பார்த்தால் அவ்வாதத்தின் எடை விளங்கும். கொன்றவன் துறவியின் அருகில் அமர்ந்திருப்பதை நாடு கண்டு மகிழ்கையில், கொல்லப்பட்டவன் வீட்டில் எரியாத அடுப்பைக் காணச் சென்றவர் எத்தனைபேர்? திருத்தத்தைப் பேசுவோர் இவ்வினாவுக்கு முதலில் விடை கூறக் கடமைப்பட்டவர். கருணை கொன்றவனிடம் மட்டும் சென்று நின்றுவிடுமாயின் அது குறையுடைய கருணையே.

ஆயினும் வினோபாவின் செயலைக் கூர்ந்து நோக்கினால், அவர் ஒறுத்தலை விலக்கவில்லை என்பது புலனாகும். ஆள்வோரின் அறத்தை ஆள்வோரிடமே விட்டார். கொள்ளையரைச் சட்டத்திடம் ஒப்படைத்தார். தாம் செய்தது, துப்பாக்கிக் குண்டு செய்ய இயலாத ஒன்றை மட்டுமே. ஒருவன் தான் செய்தது பிழை என உணர்ந்து, தானே நடந்து வந்து, தண்டனையைக் கேட்டுப் பெறும் மனநிலையை உண்டாக்கினார்.

இதனைப் புரிந்துகொள்ள நம் சமயத்தார்க்குத் தடை இராது. அகத் தவங்கள் ஆறனுள் முதலாவது பிராயச்சித்தம். பிழை செய்தவர் குருவின்முன் அதனை மறையாது உரைத்து, அவர் விதிக்கும் கழுவாயை உவந்து ஏற்கிறார். கழுவாய் எளியதாக இருப்பதில்லை. ஆனால் அதனை விதிப்பவரிடம் சினமில்லை, ஏற்பவரிடம் வெறுப்பில்லை. ஆகவே அங்கு ஒறுத்தலும் திருத்தலும் வேறு வேறாகப் பிரிவதில்லை. வலிந்து சுமத்தப்படும் துன்பம் வினையைக் கழிப்பதில்லை. பகையாக முற்றிப் புது வினையைப் பிணிக்கவும் கூடும். உணர்ந்து ஏற்கும் துன்பமே வினையைத் தேய்க்கும். கள்வனாக இருந்த அஞ்சனன் முத்தி பெற்ற வரலாற்றை நம் இல்லங்களில் சிறுவர்க்கும் சொல்லி வருகிறோம். திருந்த இயலாத உயிர் என ஒன்றை முன்கூட்டியே தள்ளிவிடாத நெறி நம் நெறி.

1960இல் தொடங்கிய பணி அரசின் முழுத் துணையின்றித் தளர்ந்தது; பள்ளத்தாக்கில் புதிய கூட்டங்கள் முளைத்தன. ஆனால் விதை அழியவில்லை. 1971இல் மாதோ சிங் என்னும் கொள்ளைத் தலைவர் பவுனார் ஆசிரமத்தை நாடியபோது, முதுமையடைந்திருந்த வினோபா அவரை ஜெயப்பிரகாஷ் நாராயணிடம் செல்லுமாறு நெறிப்படுத்தினார். 1972 ஏப்ரலில் ஜௌரா என்னும் ஊரில், காந்தியடிகள் படத்தின்முன் மாதோ சிங், மொகர் சிங் முதலானோர் தம் கூட்டத்தாருடன் ஆயுதங்களை வைத்தனர். தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தனர். இம்முறை அரசு முன்கூட்டியே உடன்பட்டு நின்றது. எவரும் தூக்கிலிடப்படார் என்னும் உறுதி கிடைத்தது; வழக்குகள் நடந்தன; தண்டனைகளும் வழங்கப்பட்டன. முங்காவலி என்னுமிடத்தில் திறந்தவெளிச் சிறை ஒன்று அவர்களுக்கென அமைக்கப்பட்டது. இம்முயற்சியில் பள்ளங்களுக்குள் தூது சென்றோருள் லோக்மன் தீட்சித்தும் தஹசில்தார் சிங்கும் இருந்தனர். தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்தவரே பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் பிறர் ஆயுதத்தைக் கீழே வைக்கத் தூது சென்றார். அவரை அன்றே தூக்கிலிட்டிருந்தால் இத்தூதுக்கு அவர் இருந்திருக்கமாட்டார்.

வினோபாவுக்கும் சமண சமயத்துக்கும் இருந்த தொடர்பை இங்குக் குறிப்பிடாமல் இருக்கலாகாது. பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டாகிய 1974இல், திகம்பரர், சுவேதாம்பரர் என்னும் வேறுபாடின்றி எல்லாப் பிரிவினரும் ஏற்கத்தக்க ஒரு பொதுநூல் வேண்டுமென அவர் இடையறாது வலியுறுத்தினார். அதன் பயனாக ஜினேந்திர வர்ணிஜியின் உழைப்பில் சமண சுத்தம் தொகுக்கப்பட்டது. முனிவரும் அறிஞரும் தில்லியில் கூடி ஆராய்ந்து ஏற்ற அந்நூல் 756 காதைகளைக் கொண்டது. பிற சமயத்திற் பிறந்த ஒருவரின் வேட்கையால் நமக்குக் கிடைத்த செல்வம் அது.

1982 நவம்பரில் உடல் நலிவுற்றபோது, வந்த முடிவை அவர் அஞ்சாது ஏற்றார். பலர் வேண்டியும் உணவையும் மருந்தையும் துறந்தார். நம் சான்றோர் போற்றும் சல்லேகனையை ஒத்த அமைதியுடன், நவம்பர் 15ஆம் நாள் பவுனாரில் உயிர் நீத்தார். அன்று தீபாவளி; பகவான் மகாவீரரின் நிர்வாணத் திருநாள். மறு ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்துப் பெருமை கொண்டது.

கொடுஞ்செயல் பற்றிய செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் நம் நாவிலும் உடனடித் தண்டனை வேண்டும் என்னும் சொல்லே முந்துகிறது. அச்சினம் இயல்பானது; துன்புற்றவர்க்காக எழுவது. அதனை நெறிப்படுத்த வினோபாவின் வாழ்க்கை ஒரு வழி காட்டுகிறது. துன்புற்றவர் குடும்பத்துக்கு முதலில் துணை நிற்பது, சட்டம் தன் கடமையைச் செய்ய விடுவது, அதன்பின்னும் குற்றவாளி திரும்பி வரும் வழியை அடைக்காதிருப்பது ஆகிய மூன்றும் ஒருங்கே இயலும். நம் ஊர்களிலும் உறவுகளிலும் சிறைசென்று மீண்டோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வேலை, ஒரு வாடகை வீடு, விழா நாளில் ஒரு வணக்கம் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அகிம்சையைச் சேர்ந்ததே. வீர நிர்வாண நன்னாளில் ஏற்றும் விளக்கின் ஒளி அவர்கள் வாயிலையும் எட்டுவதாக.