காப்பி பண்ணினால் வரும் வம்பு!
(கிரேஸ் ஹாப்பர் வாழ்க்கைக் கதை)

கம்ப்யூட்டர் லேபில் ஒரே வரிகளை நாலு இடத்தில் காப்பி பண்ணி ஒட்டுகிறோம் இல்லையா? இதில் உள்ள ஆபத்தை அந்தக் காலத்திலேயே கண்டு, அதற்கு வழியும் செய்தவர் ஒரு கணக்கு டீச்சர். அவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்க வீட்டிலிருந்த ஏழு அலாரம் கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டாராம்! 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாசர் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது கடற்படையில் சேரப் போனார். வயசு அதிகம், எடை குறைவு என்றார்கள். விடாப்பிடியாக நின்று 1943-ல் சேர்ந்தார். மறு வருடம் ஹார்வர்டில் மார்க் 1 என்ற ராட்சதக் கணிப்பொறியில் வேலை.

அங்கே சரியாக ஓடிய நிரல் துண்டுகளை நோட்டில் எழுதிவைத்து, ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் காப்பி பண்ணுவார்கள். பிறகு யுனிவாக் கணிப்பொறியில் இன்னொரு தலைவலி. துண்டை வேறு இடத்தில் சேர்த்தால், அதிலுள்ள முகவரி எண்களை எல்லாம் கூட்டி மாற்றணும். பார்த்து எழுதுவதில் ஒரு பிழை, கூட்டலில் ஒரு பிழை, மொத்த நிரலும் காலி! மனுஷன் செய்தால் தப்பு வரும், இதை இயந்திரமே செய்யட்டும் என்று 1952-ல் ஏ-0 கம்பைலரை உருவாக்கினார். முதலில் யாரும் நம்பவே இல்லை. ஆனால் 1959-ல் தொடங்கிய கோபால் மொழிக்கே (நம்ம பையன் பேர் இல்லைங்க!) அவருடைய ஃப்ளோ-மேட்டிக் மொழிதான் வழிகாட்டி.

ஒருமுறை எழுது, பலமுறை பயன்படுத்து என்ற இதே வழியில் இன்னொரு படி ஏறியது, நார்வேயின் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழி. இனக்குழு, பொருள் எல்லாம் அதில் வந்தவைதான். நாம் என்ன செய்கிறோம்? 40 மாணவருக்கும் மொத்த மதிப்பெண் கூட்டும் வரியைத் தனித்தனியாக எழுதுகிறோம். 39 இடத்தில் திருத்தி, ஒன்றை மறந்துவிடுகிறோம்! ‘மாணவர்’ என்று ஒரே இனக்குழு எழுதுங்கள். அது அச்சு மாதிரி. அதிலிருந்து 40 பொருள்களை உருவாக்குங்கள். தப்பு இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், 40 பேருக்கும் சரியாகிவிடும்.

ஹாப்பர் 79 வயதுவரை உழைத்து, 1986-ல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ல் மறைந்தார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அடுத்த லேப் வகுப்பில் ஒரே வரியை இரண்டாம் முறை எழுதக் கை போனால், இந்த டீச்சரை நினைச்சுக்குங்க!