தூங்காத மாலுமி

பிரான்ஸ் நாட்டின் நான்ட் நகரில் 1931-ல் பிறந்தவர் எரிக் தபர்லி. கடற்படை அதிகாரி. 1964-ல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து அமெரிக்காவின் நியூபோர்ட் வரை, அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியே கடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார்.

ஒரே ஆள் என்றால் இரவில் தூங்குவது எப்படி? அதற்காகவே, காற்றடிக்கும் திசைக்கேற்ப சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவி படகில் இருந்தது, குழந்தைகளே! எட்டாம் நாள் அது பழுதாகிவிட்டது. பிறகென்ன, இரவெல்லாம் கோழித் தூக்கம்தான். அடிக்கடி எழுந்து பாயையும் சுக்கானையும் சரிசெய்தபடியே ஓட்டினார். 27 நாட்களில் கரை சேர்ந்தபோது, தானே முதலாவது என்பதுகூட அவருக்குத் தெரியாது! 1960-ல் வென்ற சிசெஸ்டர், இரண்டு நாட்களுக்கும் மேல் பிந்தியே வந்தார்.

1998 ஜூனில் ஓர் இரவு, வேல்ஸ் அருகே 'பென் டுயிக்' என்ற படகிலிருந்து கடலில் விழுந்து தபர்லி இறந்தார். சிறுவனாக அவர் படகோட்டப் பழகியதும் அப்பாவின் அந்தப் படகில்தான்.