பிஎச்.டி இல்லாத கடல் மேதை: யார் இந்த ஹென்றி ஸ்டோமல்?

1920-ல் அமெரிக்காவில் பிறந்தவர் ஸ்டோமல். யேலில் படித்தார், பிஎச்.டி பக்கம் போகவே இல்ல.

1956-ல் நண்பர்களோடு ஒரு வேடிக்கையான யோசனை சொன்னார். கடலில் மேலே சூடான, உப்பு அதிகமான நீர். கீழே உப்பு குறைந்த குளிர்நீர். நடுவே நீளமான குழாயைச் செருகி ஒருமுறை பம்ப் செய்தால் போதும், அடிநீர் தானா மேலேறிக்கிட்டே இருக்கும். குழாய்ச் சுவர் வழியா வெப்பம் கடக்கும், உப்பு கடக்காதே! குழாயே தேவையில்லை என 1960-ல் மெல்வின் ஸ்டெர்ன் காட்டினார்: தண்ணீரில் உப்பைவிட வெப்பம் சுமார் 100 மடங்கு வேகமா பரவும். அதனால்தான் இன்றைய கடல் மாடல்கள் சிலவற்றில் இரண்டுக்கும் தனித்தனி கணக்கு.

1961-ல் இரண்டே பெட்டிகளை வைத்து ஸ்டோமல் ஒரு மாடல் போட்டார். வெப்பமும் உப்பும் எதிரெதிரா இழுத்தால், கடல் சுழற்சி ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு சட்டுனு தாவலாம். பல வருஷம் அதை பெரிசா யாரும் கண்டுக்கல. 1992-ல் அவர் இறந்தார். அட்லாண்டிக் சுழற்சி நின்னுடுமா என்ற இன்றைய பயத்துக்கு அடிப்படை அந்த இரண்டு பெட்டிதான்.