மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டையைத் திலகமாகக் கொண்டு விளங்குவது திருச்சிராப்பள்ளி. ஆற்றின் வடபால் திருவரங்கத் தீவு உள்ளது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்று வழங்கும் மண்டபம் அத்தீவிலுள்ள அரங்கன் கோயிலில் இருக்கிறது. திருவானைக்காவும் அத்தீவைச் சார்ந்ததே. தமிழ் மணம் கமழும் இப்பகுதியில், 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள், தமிழாசிரியர் சிதம்பரம் பிள்ளையின் மைந்தராய்த் தோன்றியவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

தந்தையே அவர்க்கு முதலாசிரியர். பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்தபின், கற்பிப்பார் இலர், கைப்பொருளும் இல்லை. ஆயினும் கல்வி வேட்கை தணியவில்லை. திருச்சிராப்பள்ளியிற் குடியேறி, நூல் வல்லார் எங்கிருப்பினும் தேடிச் சென்று கேட்டார். ஏட்டுச் சுவடிகளை இரவல் பெற்றுப் படியெடுத்துக் கொண்டார்.

அக்காலத்தில் பரதேசி ஒருவர் அந்நகர வீதிகளில் பிச்சை ஏற்றுத் திரிந்தார். தண்டியலங்காரத்தை அவர் நன்கு கற்றிருந்தார். ஆனால் தருக்கு மிகுந்தவர், எவர்க்கும் எளிதிற் பாடஞ் சொல்ல இசையாதவர். பிள்ளையோ அவரை விடவில்லை. தெருத்தெருவாக அவர் பின்னே நடந்தார். அவர் ஏற்ற பொருள்களைத் தாமே சுமந்தார். அவர் விரும்பியவற்றை வாங்கிக் கொடுத்தார். மனம் மகிழ்ந்திருக்கும் அமயம் பார்த்து ஐயங்களை வினவினார். இவ்வாறே அவ்வணி நூல் முழுவதையும் கற்று முடித்தார். போ என்று ஏவினாரும் இலர். படி என்று அச்சுறுத்தினாரும் இலர்.

இங்ஙனம் பெற்ற கல்வி பெருகிக் கவியாயிற்று. திருவானைக்கா அகிலாண்டநாயகி மீது பிள்ளைத்தமிழ் பாடினார். தலபுராணங்கள் பல இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு மகாவித்துவான் என்னும் பட்டம் வழங்கியது. எனினும் பாடஞ் சொல்லுதலே அவர்க்கு உயிர். மாணாக்கரிடம் பொருள் பெறாதது மட்டுமன்று, தம் வறுமையிலும் அவர்க்கு உணவளித்தார். சாதியும் சமயமும் நோக்கினாரல்லர். பூவாளூர்த் தியாகராச செட்டியாரும், நாகூர்க் குலாம்காதிறு நாவலரும், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும் அவரிடம் பயின்றவர்களே. கடிந்து கூறுதல் அவரிடம் அரிது.

1871ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர், அப்போது மாயூரத்தில் வாழ்ந்திருந்த பிள்ளையை வந்தடைந்தார். தொடக்கத்தில் சவேரிநாத பிள்ளையே அவர்க்கு நைடதம் சொல்லி வந்தார். ஆசிரியரிடமே நேரிற் கேட்க வேண்டுமென்னும் ஆவல் அவ்விளைஞரை வருத்தியது. பிள்ளை வைகறையில் எழுந்து, வீட்டுத் தோட்டத்து மரஞ்செடிகளில் புதுத்தளிர் அரும்பியுள்ளதா என்று பார்த்து மகிழும் இயல்பினர். அதனை அறிந்த சாமிநாதையர், தளிர்களை முன்னரே தேடி வைத்துக்கொண்டு அவர்க்குக் காட்டலானார். நாளடைவில் ஆசிரியரின் அன்பு அவர்பாற் சென்றது. ஒருநாள் துணிந்து தம் விருப்பத்தைத் தெரிவித்தார், ஆசிரியரும் இசைந்தார். பரதேசியின் பின்னே நடந்தவர்க்கு இவ்வேட்கையை உணர்தல் அரிதோ? அது முதல் ஒரு நூல் முடிய மறு நூல் தொடங்கியது. மாணாக்கர் கேட்டுச் சலிக்கவில்லை, ஆசிரியர் சொல்லிச் சலிக்கவில்லை.

1876ஆம் ஆண்டு பிப்பிரவரி 1ஆம் நாள் பிள்ளை திருவாவடுதுறையில் இறைவனடி சேர்ந்தார். அவ்வேளையில் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பிற் சாய்த்துத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் அருகிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தை வாசித்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1933, 1934ஆம் ஆண்டுகளில், அம்மாணாக்கரே தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.