பஞ்சத்தில் பிழைத்து ஆயிரம் பேரை வாழவைத்த ரமாபாய்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் பாதையில், புனேக்கும் தவுண்டுக்கும் நடுவே கேட்காவ் என்ற சிறிய நிலையம் உள்ளது. பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி இல்லம் இருப்பது இவ்வூரில்தான்.

அம்மையார் 1858ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி, பெண்கள் வடமொழி படிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி மனைவிக்குக் கற்பித்தவர். தாயிடம் மகள் கற்றார். பிறகு வந்த பஞ்சத்தில் தாய், தந்தை, அக்காள் மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். தாயின் பிணத்தைத் தூக்க ஆள் இல்லை. இரக்கப்பட்டு வந்த இருவரோடு அண்ணனும் தங்கையும் சேர்ந்து தூக்கினர். உயரம் குறைவானதால் ரமாபாய் பாடையைத் தலையில் தாங்கினார்.

1878ல் கல்கத்தா அறிஞர்கள் பண்டிதா என்ற பட்டம் அளித்தனர். 1880ல் அண்ணன் இறந்தார். 1882ல் கணவர் காலராவுக்குப் பலியானார். மிஞ்சியது கைக்குழந்தை மனோரமா மட்டுமே.

1883ல் இங்கிலாந்து சென்ற அம்மையார் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். மரித்தோர் எழுவர் என்ற விசுவாசம் அவருக்கு மறுமைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே செத்தவளாக மூலையில் ஒதுக்கப்பட்ட விதவையும் எழுந்து நடக்க வேண்டும் என்று பாடுபட்டார். 1889ல் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கி, மறு ஆண்டு பூனாவுக்கு மாற்றினார். மதம் மாற்றுகிறார் என்ற புகார் கிளம்பியதும் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். அம்மையார் பள்ளியை மூடவில்லை.

1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குச் சென்று, பட்டினியில் வாடிய நூற்றுக்கணக்கான பெண்களைக் கூட்டி வந்தார். கேட்காவில் நெசவு, விவசாயம், அச்சுக்கோப்பு எல்லாம் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டன. பார்வையற்றோருக்கு மனோரமா பிரெயில் எழுத்து கற்பித்தார். இல்லத்தில் வாழ்ந்தோர் ஆயிரத்தைத் தாண்டினர்.

1921 ஜூலையில் அந்த மனோரமாவும் இறந்தார். தாய்க்கு அப்போது 63 வயது. எபிரேயம், கிரேக்க மூலங்களிலிருந்து வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்க்கும் வேலை கையில் இருந்தது. மகளை அடக்கம் செய்த பிறகும் அதை அவர் கைவிடவில்லை. வேலையை முடித்து, 1922 ஏப்ரல் 5ந் தேதி கண்மூடினார். நூல் 1924ல் வெளிவந்தது.

1989ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முக்தி இல்லம் இன்றும் நிழல் தருகிறது.