டயருக்குப் பின்னால் ஒரு கடன்காரர்

ஒரு சின்னக் கற்பனை. நானூறு குதிரைத்திறன் எஞ்சின் வச்ச ஃபோர் வீல் டிரைவ் கார் ஒண்ணு உங்க கைக்கு வருது. ஊருக்குள்ள, ஹைவேயில ஓட்டணும். என்ன டயர் போடுவீங்க?

எஞ்சின் எவ்வளவு திமிறினாலும், அந்தச் சக்தி நாலு சக்கரத்துக்கும் பிரிஞ்சு போனாலும், கடைசியில் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அளவு நாலு ரப்பர் திட்டுகள்தான். அந்த ரப்பர் சூட்டில் இளகக்கூடாது, குளிரில் விறைக்கவும் கூடாது. கோடை டயர், குளிர்கால டயர் என்று தனித்தனியாக விற்பதே இதனால்தான். இந்த ஒரு பிரச்சினைக்காக வாழ்க்கையையே அடகு வைத்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் சார்லஸ் குட்இயர்.

1800 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவனில் பிறந்தார். அப்பாவுக்கு இரும்புச் சாமான் வியாபாரம். மகனும் பிலடெல்பியாவில் அதே தொழிலில் கடை போட்டார். சில வருஷத்தில் கடை மூழ்கியது. அந்தக் காலத்தில் கடனைக் கட்டாவிட்டால் சிறை. அதற்குப் பிறகு அவர் சிறைக்குப் போவதும் வருவதும் வாடிக்கையாகிவிட்டது.

1834-இல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கம்பெனியின் கடையில் காற்றடைத்த உயிர்காப்புப் பை ஒன்றைப் பார்த்தார். அதன் வால்வு சரியில்லை என்று தோன்றியது. நல்லதாக ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்த தகவல் வேறு: வால்வு இல்லை பிரச்சினை, ரப்பரே பிரச்சினை. விற்ற சரக்கெல்லாம் வெயிலில் உருகி, நாற்றமடித்து, திரும்பி வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்திலோ அதே ரப்பர் கட்டை மாதிரி ஆகிவிடும்.

குட்இயருக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. நம்ம மாதிரி லேப் மேனுவலும் கிடையாது. சமையல்கட்டும், சில சமயம் சிறை அறையும்தான் அவருடைய லேப். மெக்னீசியா கலந்தார், சுண்ணாம்பு கலந்தார், ரப்பரின் மேல் நைட்ரிக் அமிலம் பூசினார். அமிலம் பட்ட ரப்பர் ஒட்டாமல் வழவழப்பாக இருந்தது. ஜெயிச்சாச்சுன்னு நினைத்தார். அரசாங்கத்திடமிருந்து 150 தபால் பைகளுக்கு ஆர்டரும் வந்தது. செய்து தொங்கவிட்ட பைகள் சூட்டில் இளகிப் போயின. மேல்தோல் மட்டும்தான் மாறியிருந்தது. உள்ளே அதே பழைய ரப்பர்.

நதானியேல் ஹேவர்ட் என்பவர் ரப்பரில் கந்தகம் சேர்த்து வந்தார். அவருடைய உரிமையை குட்இயர் வாங்கினார். 1839-இல் மாசசூசெட்ஸில் உள்ள வோபர்னில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. எப்படிப் பட்டது என்பதற்குப் பல கதைகள் உண்டு. நமக்கு முக்கியம் அவர் பார்த்த விஷயம்: ரப்பர் உருகி ஓடவில்லை, தோல் மாதிரி கருகியது. கருகிய இடத்தை ஒட்டி, நன்றாக இழுபடும் ஒரு விளிம்பு இருந்தது. நாமாக இருந்தால் அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டிருப்போம். கருகுவதற்கு முன்னால் சூட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தார் அவர்.

இன்றைக்கு அதற்கு விளக்கம் நமக்குத் தெரியும். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறு சங்கிலிகள். சூடானால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். கந்தகம் அவற்றுக்கு இடையே பாலம் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். இதுதான் வல்கனைசேஷன்.

ஆனால் எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? இதைக் கண்டுபிடிக்க இன்னும் ஐந்து வருஷம் ஆனது. வீட்டுச் சாமான் அடகுக்குப் போனது. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார். சில குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்தன. மனைவி கிளாரிசா இத்தனையையும் தாங்கினார்.

1844 ஜூன் 15-இல் அமெரிக்கக் காப்புரிமை எண் 3633 கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதற்கு முன்பே, 1843-இலேயே, பதிவு செய்துவிட்டார். குட்இயரின் மாதிரித் துண்டுகள் ஏற்கெனவே அவர் கைக்குப் போயிருந்தன. அமெரிக்காவிலும் பலர் அனுமதியில்லாமல் தயாரித்தார்கள். 1852-இல் நடந்த வழக்கில், அப்போதைய வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டரே இவருக்காக வாதாடி ஜெயித்துக் கொடுத்தார். அதிலும் குட்இயர் பணக்காரர் ஆகவில்லை. உரிமைகளை மலிவாகக் கொடுத்துவிட்டு, ரப்பரில் அடுத்து என்ன செய்யலாம் என்பதிலேயே இருந்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் கடன் வாங்கிப் பெரிய அரங்கம் போட்டார். பிரான்ஸின் உயரிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் இருந்தது கடன்காரர் சிறையில்!

1860-இல், சாகக் கிடந்த மகளைப் பார்க்கக் கிளம்பினார். நியூயார்க் வந்து சேர்ந்தபோது மகள் இறந்த செய்திதான் காத்திருந்தது. ஜூலை 1 அன்று அங்கேயே அவரும் இறந்தார். விட்டுப்போன கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

அப்போ அந்த டயர் கம்பெனி? அது 1898-இல் ஃபிராங்க் சைபர்லிங் என்பவர் ஆக்ரன் நகரில் ஆரம்பித்தது. மரியாதைக்காகப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை.

விடாமுயற்சிக்கு உதாரணமாக இவர் கதையை மேடையில் சொல்வார்கள், கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கேன். ஆனா அந்தப் பிள்ளைகளின் புத்தகங்களை நினைத்தால் கை கொஞ்சம் தயங்குது. கனவு அவருடையது, விலை கொடுத்தது மொத்த வீடு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

சரி, கார் விஷயத்துக்கு வருவோம். பனி இல்லாத, சூடான ஊர் என்றால் கோடை டயர். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர் என்றால் அந்தப் பருவத்துக்குக் குளிர்கால டயர். வேகக் குறியீடும் சுமைக் குறியீடும் காருக்கு ஒத்துவரணும். ஃபோர் வீல் டிரைவில் நாலு டயரும் உற்பத்தியாளர் சொன்ன அளவில், ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கணும். விட்டம் மாறினால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி, நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் அடி வாங்கும்.

அடுத்த தடவை டயர் கடைக்குப் போனா, அந்த ரப்பரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. அது உருகாமல் இருப்பதற்கு ஒரு குடும்பம் உருகியிருக்கு.