இல்லந்தோறும் நடந்த இறையடியார்

ஆலய மணி ஒலித்தால் வரக்கூடியவர்கள் வந்துவிடுகிறார்கள். வர இயலாதவர்களையும், வராமல் நின்றுவிட்டவர்களையும் தேடிப் போவது யார்? நம் குருவானவரும் உபதேசியாரும் தெருவில் இறங்கி, வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்து, திண்ணையில் அமர்ந்து நலம் விசாரிப்பதை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். அந்த எளிய பணிக்காகத் தம் உயிரையே பணயம் வைத்த ஒரு குருவின் சரிதையை, தெள்ளார்ப் பங்கின் இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கடற்கரையில், ஆயரின்றித் தவித்த ஆடுகளைப் போலிருந்த கிறிஸ்தவர்களிடையே உழைத்தார். ஆனால் அவருடைய உள்ளமோ இலங்கையின்மீதே இருந்தது.

காரணம் இதுதான். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர், கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு வெளியேற்றினர். குருவுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்றும் சட்டமிட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, மரணப் படுக்கையில் கிடப்போருக்கு அவஸ்தைப்பூசுதலுமில்லை. விசுவாசம் வீடுகளுக்குள்ளே, தாய்மாரின் செபமாலையிலே மட்டும் உயிர் பிழைத்திருந்தது.

அந்த வீடுகளைத் தேடித்தான் அடிகளார் புறப்பட்டார். தூத்துக்குடியில் கப்பலேறி, யோவான் என்னும் பணியாளர் ஒருவருடன், கூலியாளைப்போல் உடையணிந்து 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வழியிலேயே கொடிய வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டிவிட்டது. நோய்க்கு அஞ்சி ஊரார் ஒதுக்கிவைத்த வேளையில், கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவர் ஒரு நல்ல பெண்மணி என்று வரலாறு கூறுகிறது. பிறர் வீட்டைத் தேடிப்போன குருவுக்கு முதல் அடைக்கலம் ஓர் ஏழையின் கையால் கிடைத்தது!

யார் கத்தோலிக்கர் என்று கேட்கவும் முடியாத காலம் அது. ஆகவே கழுத்திலே பெரிய செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டதும் எவர் முகம் மலர்கிறதோ அவரை அடையாளம் கண்டுகொண்டார். பின்பு சில்லாலை ஊரார் அவரை மறைத்துக் காத்தனர். பகலில் ஒளிந்திருந்து, இரவில் வீட்டுக்கு வீடு சென்று ஞானஸ்நானம் கொடுத்தார்; பாவசங்கீர்த்தனம் கேட்டார்; விடியுமுன் பூசை செய்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் படைவீரர்கள் புகுந்து விசுவாசிகளைச் சிறைபிடித்தனர். அடிகளார் தப்பினார், கதவு திறந்தவர்களோ தண்டனை அனுபவித்தனர். ஆகவே இச்சரிதையில் வீடு தேடிப்போன குருவுக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு வீட்டைத் திறந்துவைத்த குடும்பங்களுக்கும் உண்டு.

1692இல் கண்டிக்குச் சென்ற அடிகளாரை ஒற்றரென்று சந்தேகித்துச் சிறையிலிட்டனர். காலப்போக்கில் அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை மதித்து நடமாட விட்டார். 1697இல் பெரியம்மை பரவியபோது, உற்றாரே கைவிட்ட நோயாளிகளை அடிகளார் சாதி, மதம் பாராமல் நாடிச் சென்று புண்களைக் கழுவினார்; இறந்தோரை அடக்கம் செய்தார். பெளத்த மன்னரின் நாட்டில் திருச்சபைக்கு நன்மதிப்பைத் தேடித் தந்தது இந்த அன்புத் தொண்டே.

அவர் போகமுடியாத நாட்களிலும் செபம் நின்றுவிடக் கூடாதென்று ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் ஞான நூல்கள் எழுதியவர்.

உழைத்து உழைத்துத் தளர்ந்த அடிகளார், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் தம் 59ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கல்லறை இருக்குமிடம் இன்று அறியப்படவில்லை. ஆயினும் 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! அன்று கதவைத் திறந்தால் தலை போகும் என்ற நிலை. இன்று நமக்கு அந்த அச்சமில்லை. எனினும் குரு வருகிறார் என்றால் வீடு ஒழுங்காயில்லை என்று கூசுகிறோம். வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிக்கிறோம். தறியும் வயலும் பிழைப்பும் நம்மை விடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் தெருவிலேயே படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர், மனத்தாங்கலால் கோவிலுக்கு வராமல் நின்றுவிட்ட குடும்பம், பிள்ளைகள் வெளியூர் போனபின் தனித்திருக்கும் தாய் ஆகியோரைக் காணக் குருவானவர் ஒருவர் மட்டும் போதுமா? மூப்பர்களையும் அண்ணாவிகளையும் போல நாமும் அண்டைவீட்டு வாசலை மிதிக்க வேண்டாமா?

யூபிலி ஆண்டின் நினைவாகக் கோவிலுக்கு வண்ணம் பூசுகிறோம், கொடி ஏற்றுகிறோம். அத்துடன், ஒவ்வொரு குடும்பமும் வேறொரு குடும்பத்தை இவ்வாண்டில் ஒருமுறையேனும் சந்தித்துச் செபிப்பதென்று உறுதி எடுத்துக்கொள்வோம். புனித யோசேப் வாஸ் நமக்காக வேண்டிக்கொள்வாராக!